மெனோபாஸ் வரும் திமிங்கிலங்கள்: வேட்டைக் கத்தியும் பாட்டிமார் கணக்கும்

செந்தூரான்

நம் மன்றத்தின் இந்தப் பகுதியில் திமிங்கிலம் என்றாலே கரை ஒதுங்கிய செய்தியும் அம்பர்கிரிஸ் கடத்தல் செய்தியும்தான் வருகின்றன. ஒரு மாறுதலுக்கு இது.

நம் பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்புறமும் இருபது, முப்பது வருடம் திடமாக வாழ்கிறார்கள். நமக்கு இது அன்றாடம் பார்ப்பது. ஆனால் பாலூட்டிகள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் இது அபூர்வம். யானை அறுபது வயதிலும் கன்று ஈனும். ஃபின் திமிங்கிலம் கிழடான பிறகும் சினையாகும். பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டு வாழ்நாளில் பெரும் பங்கை அதற்குப் பிறகு வாழ்வதாக உறுதியாகத் தெரிந்தவை மிகக் குறைவு: மனிதர்கள், ஐந்து வகைப் பல்லுள்ள திமிங்கிலங்கள் (ஆர்க்கா என்னும் கொலையாளித் திமிங்கிலம், போலி ஆர்க்கா, குட்டைத்துடுப்பு பைலட், பெலுகா, நார்வால்), அப்புறம் உகாண்டாவின் ஙோகோ காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டம். அந்தச் சிம்பன்சி ஆய்வு 2023-இல்தான் வந்தது.

திமிங்கிலங்களுக்கு மெனோபாஸ் உண்டு என்பது வேட்டையில் செத்த உடல்களை அறுத்துப் பார்த்ததில்தான் தெரிந்தது. ஜப்பானில் தைஜி போன்ற ஊர்களில் பைலட் திமிங்கிலக் கூட்டங்களைப் படகுகளால் வளைத்துக் கரைக்கு ஓட்டிக் கொல்வார்கள். அந்த உடல்களிலிருந்து சினைப்பைகளையும் பற்களையும் எடுத்து ஆராய்ந்தவர் தோஷியோ கசுயா. அவரும் ஆஸ்திரேலியாவின் ஹெலீன் மார்ஷும் 1984-இல் எழுதியதன் சாரம் இதுதான்: 36 வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்கூடச் சினையாக இல்லை, ஆனால் அறுபதைத் தாண்டியும் பெண்கள் உயிரோடு இருந்திருக்கின்றன. வயது வந்த பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று ‘நின்றுபோனவை’.

இதைப் பேசலாமா?

கேள்விக்குறி

பேசலாம். ஆனால் அடிப்படையிலேயே எனக்கு ஒரு சந்தேகம். மெனோபாஸ் இயற்கை ‘உருவாக்கிய’ ஒன்றா என்ன? நூறு வருடம் முன்பு இந்தியாவில் சராசரி ஆயுள் 25-கூட இல்லை. ஐம்பது வயதுப் பெண்களே அபூர்வமாக இருந்திருப்பார்கள். தடுப்பூசி, ஆன்டிபயாட்டிக் எல்லாம் வந்து ஆயுள் நீண்டது, கருமுட்டை நீளவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய்த் திமிங்கிலத்தை ஏன் இழுக்க வேண்டும்?

நிலா_ஆய்வகம்

கேள்விக்குறி சார், சராசரி ஆயுள் 25 என்றால் எல்லாரும் இருபத்தைந்தில் செத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. கைக்குழந்தைகளின் சாவுதான் சராசரியைக் கீழே இழுத்தது. ஐந்து வயதைத் தாண்டினவர்களில் பலர் கிழவர் ஆனார்கள். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களிடம் ஆஸ்பத்திரி வசதி கிடையாது. அங்கேயும் 45 வயதை எட்டிய பெண் சராசரியாக இன்னும் இருபது வருடமாவது இருக்கிறாள். பிள்ளைப்பேறு நின்ற பெண் பேரப்பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிறாள், அதனால்தான் அவ்வளவு காலம் வாழ்கிறாள் என்னும் ‘பாட்டிக் கருதுகோளை’ மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் எழுதியது அந்தப் பாட்டிகள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைப் பார்த்துத்தான்.

நான் கருத்தரிப்பு மையம் ஒன்றில் ஆய்வக வேலையில் இருக்கிறேன். முட்டைக் கணக்கு எங்களுக்குத் தினசரிப் பேச்சு. பெண் குழந்தை தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அறுபது, எழுபது லட்சம் முட்டைகள். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். ஆயுள் முழுக்க வெளியே வருவது நானூறு, ஐந்நூறு மட்டும். மற்றதெல்லாம் உள்ளேயே கரைந்துபோகும். ஆயிரம் அளவுக்குக் குறையும்போது மாதவிடாய் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47-லேயே வந்துவிடுகிறது, மேல்நாடுகளில் 51.

இதயம், சிறுநீரகம் எல்லாம் எண்பது வரை தாங்கும்படி இருக்க, சினைப்பை மட்டும் பாதியில் கடையைக் கட்டுவது ஏன் என்பதுதான் கேள்வி. மருந்து வந்ததால் ஆனது என்று சொன்னால் இதற்குப் பதில் இல்லை.

செந்தூரான்

நன்றி நிலா. திமிங்கிலத்தின் சினைப்பையில் என்ன பார்த்தார்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது. நான் சொன்னால் உளறிவிடுவேன்.

நிலா_ஆய்வகம்

முட்டை வெளியேறியதும் அது இருந்த பை சுருங்கி மஞ்சள் நிறக் கட்டியாக மாறும். அதுதான் கார்பஸ் லூட்டியம். புரொஜெஸ்டிரான் சுரப்பது அதன் வேலை. கரு தங்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் வாடிவிடும். வாடியது வெள்ளைத் தழும்பாக மிஞ்சும், பெயர் கார்பஸ் அல்பிகன்ஸ். மனிதப் பெண்ணிடம் அந்தத் தழும்பு கொஞ்ச காலத்தில் மறைந்துவிடுகிறது. திமிங்கிலத்தில் மறைவதே இல்லை, சாகும்வரை கிடக்கிறது.

ஆக, ஒரு திமிங்கிலத்தின் இரண்டு சினைப்பைகளையும் ஃபார்மலினில் ஊறவைத்து, ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பில் ரொட்டி மாதிரி சீவிக்கொண்டே போனால், அதன் ஆயுளில் எத்தனை முறை முட்டை வெளியேறியது என்று எண்ணிவிடலாம். பல்லை நெடுக்காக மெல்லிசாக அறுத்து, அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கி, சாயம் ஏற்றினால் வருடத்துக்கு ஒரு கோடு தெரியும். அது வயது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வயதில் நின்றது என்று வந்துவிடுகிறது. நாற்பது தாண்டிய பைலட் பெண்களின் சினைப்பையில் பழைய தழும்புகள்தான் இருந்தன. புதிதாக வளரும் முட்டைப்பை அநேகமாக இல்லை. எங்கள் மையத்துக்கு வரும் 48 வயதுக்காரரின் ஸ்கேனும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

ஆழிமகன்

குட்டைத்துடுப்பு பைலட் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் கரையில் 2016 ஜனவரியில் ஒதுங்கியவை இதே இனம்தான். மணப்பாட்டிலிருந்து வடக்கே ஆலந்தலை, கல்லாமொழி வரைக்கும் எண்பதுக்கும் மேல் கிடந்தன. எங்கள் ஆட்கள் வள்ளத்தில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டால், விட்டது திரும்பிக் கரைக்கே வருகிறது. கரையில் கிடக்கும் மற்றவற்றை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. கூட்டத்தோடு வாழ்ந்து கூட்டத்தோடு சாகிற சாதி. 1973-லும் இதே ஜனவரி மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் நூற்றுக்கு மேல் ஒதுங்கின என்று பெரியவர்கள் சொல்வார்கள், பதிவும் இருக்கிறது.

தைஜிக்காரன் வளைத்து ஓட்டுவதற்கும் இந்தக் குணம்தான் வசதி. ஒன்றைத் தடுத்தால் மொத்தமும் நிற்கும்.

மங்கை

எனக்கு வயது 47. இரவில் உடம்பெல்லாம் தணல் வைத்தாற்போல் எரிந்து எழுந்து உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சரி, எதற்காக நிறுத்துகிறது என்று யாராவது சொல்லுங்கள். பிள்ளை பெற முடியாததை வைத்துக்கொண்டு இயற்கைக்கு என்ன லாபம்?

பனிக்கரை

மங்கை அக்கா, இதற்கான பதில் நான் இருக்கும் இடத்தில் இருந்துதான் வந்தது என்றபடியால் நான் எழுதுகிறேன். விக்டோரியாவில் இருக்கிறேன், கனடாவின் மேற்குக் கரை. இங்கே கடலில் ஓடித்திரியும் ஆர்க்காக்கள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, குடும்ப மரம் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் கனடாப் பக்கம் முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் சாம்பல் நிறத் திட்டையும் படம் எடுத்து ஆள் அடையாளம் காணத் தொடங்கினார். அமெரிக்கப் பக்கம் 1976 முதல் கென் பால்காம் செய்தார். ஆர்க்காக்களைப் பிடித்து மீன்காட்சிசாலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1970-இல் பென் கோவ் என்ற குடாவில் வலை போட்டுப் பிடித்த குட்டிகளில் ஒன்றுதான் மயாமியில் ஐம்பது வருடத்துக்கு மேல் தொட்டியில் கிடந்து 2023-இல் செத்த டோக்கிடே. இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணப் போனதுதான் கணக்கெடுப்பின் ஆரம்பம். நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே இருந்ததில் யார் எப்போது பிறந்தது, யார் யாருக்குத் தாய், யார் எப்போது செத்தது என்று அரை நூற்றாண்டுப் பதிவு சேர்ந்துவிட்டது. கத்தி படாமல் கிடைத்த கணக்கு.

அதை எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்து டேரன் கிராஃப்ட்டின் குழு எடுத்துப் பார்த்தது. 2012-இல் வந்த முதல் முடிவு என்னை உலுக்கிவிட்டது. முப்பது வயது தாண்டிய ஆண் ஆர்க்கா, தாய் செத்த அடுத்த வருடத்தில் தானும் சாகும் ஆபத்து சுமார் பதினான்கு மடங்கு. முப்பது வயது ஆம்பிளை! ஆறு, ஏழு டன் உடம்பு. அம்மா இல்லாமல் தாங்காது. அதே வயது மகள்களுக்கு மூன்று மடங்குகூட இல்லை.

2015-இல் அடுத்தது. அவற்றின் முக்கிய இரையான சினூக் சால்மன் மீன் குறைந்த வருடங்களில் கூட்டத்துக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுவது பெரும்பாலும் இந்தக் குட்டி போடுவது நின்ற கிழவிகள். 2019-இல் மற்றொன்று. அப்படிப்பட்ட பாட்டி செத்துப்போன இரண்டு வருடத்துக்குள் பேரக்குட்டிகள் சாகும் வீதம் நாலரை மடங்கு. சால்மன் குறைந்த காலத்தில் அடி இன்னும் பலம்.

கேள்விக்குறி

அந்தக் கூட்டத்தில்தானே ‘கிரானி’ என்று 105 வயது ஆர்க்கா இருப்பதாகச் செய்தி ஓடியது? பிறகு அதுவே தவறு என்றார்கள். வயதே சரியாகத் தெரியாத விலங்கை வைத்து மடங்குக் கணக்கா?

பனிக்கரை

கிரானி பற்றிய கேள்வி நியாயமானது, அதன் எண் ஜே2. கணக்கெடுப்புத் தொடங்கும்போதே அது முதிர்ந்த பெண். பக்கத்திலேயே திரிந்த ஜே1 என்ற ஆணை அதன் மகன் என்று எடுத்துக்கொண்டு, பின்னோக்கிக் கூட்டி 1911-இல் பிறந்தது என்றார்கள். மரபணுச் சோதனையில் ஜே1 அதன் மகனே இல்லை என்று ஆனது. பின்னால் வந்த கணிப்புகள் நூறுக்கு நன்றாகக் கீழேதான். 2016 அக்டோபருக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

ஆனால் நான் சொன்ன முடிவுகள் அந்த ஒரு கிழவியில் தொங்கவில்லை. 1970-களுக்குப் பிறகு கண் முன்னால் பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டு, நிறுத்தியவை எத்தனையோ இருக்கின்றன.

கேள்விக்குறி

சரி, வயதை விட்டுவிடுகிறேன். பாட்டி உதவுகிறாள் என்பதும் சரி. யானைப் பாட்டியும் உதவுகிறது, கூட்டத்தைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகிறது. ஆனால் அது கன்று போடுவதை நிறுத்தவில்லையே. உதவுவதற்கு நிறுத்த வேண்டிய அவசியம் என்ன?

செந்தூரான்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பாட்டிக் கருதுகோளின் ஓட்டையும் இதுவே.

ஓட்டையை அடைத்தவர்கள் மைக்கேல் காண்ட், ரூஃபஸ் ஜான்ஸ்டன் இருவரும். 2008-லும் 2010-லும் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது, கூட்டத்தில் யாருக்கு யார் எவ்வளவு சொந்தம் என்பதை. ஆர்க்காவில் மகனும் போவதில்லை, மகளும் போவதில்லை. இருவரும் கடைசிவரை தாயோடுதான். இணை சேர்வது மட்டும் வேறு கூட்டத்தில். ஆகவே ஒரு பெண் குட்டி பிறக்கும்போது அதன் தகப்பன் கூட்டத்தில் இல்லை, சொந்தம் குறைவு. வயது ஏற ஏற அதன் மகன்கள், பேரன்கள் கூட்டத்தில் பெருகுகிறார்கள், சொந்தம் கூடுகிறது. மனிதர்களில் வழி வேறு. பழங்காலத்தில் பெண்தான் பிறந்த இடத்தை விட்டுப் போனாள் என்று வைத்துக்கொண்டால், புதிதாக வந்த மருமகளுக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் ரத்த சொந்தம் இல்லை. மாமியாருக்கோ மருமகள் பெறும் பிள்ளையும் பேரப்பிள்ளை.

இப்போது இருவரும் ஒரே சமயத்தில் கர்ப்பமானால் சாப்பாட்டுக்குப் போட்டி. மருமகள் விட்டுக்கொடுக்கக் காரணமே இல்லை, மாமியார் பிள்ளை அவளுக்கு யாரோ. மாமியார் விட்டுக்கொடுக்கக் காரணம் இருக்கிறது. ஆக நிறுத்துவது மூத்தவள்.

ஆர்க்காவில் இதை 2017-இல் சோதித்தார்கள். தாயும் மகளும் ஒரே காலத்தில் ஈன்றால், தாயின் குட்டி சாகும் ஆபத்து மகளின் குட்டியைவிட 1.7 மடங்கு. யானையில் வளர்ந்த ஆண்கள் கூட்டத்தை விட்டுப் போய்விடுகின்றன, பெண்ணுக்குச் சொந்தம் அந்த மாதிரி ஏறுவதில்லை.

மங்கை

எங்கள் குடும்பத்தில் பாட்டிக்கும் என் பெரியம்மாவுக்கும் ஒரே வருடத்தில் பிரசவம். ஒரு அறையில் அம்மா, அடுத்த அறையில் மகள். அக்காள் மகனைவிட மாமா மூன்று மாதம் இளையவர், கடைசிவரை அக்காள் மகன் மாமாவை ‘வாடா போடா’ என்றுதான் கூப்பிட்டார். போட்டியெல்லாம் இருந்த மாதிரித் தெரியவில்லை, பாட்டி இரண்டுக்குமே பால் கொடுத்ததாகத்தான் கேள்வி.

செந்தூரான்

மங்கை அக்கா சொன்னது அப்படியே பின்லாந்துக் கணக்கிலும் இருக்கிறது! தேவாலயப் பதிவேடுகளிலிருந்து தொழிற்புரட்சிக்கு முந்திய பின்லாந்துக் குடும்பங்களை எடுத்து மிர்க்கா லாஹ்தென்பெரா குழு 2012-இல் பார்த்தது. தாயும் மகளும் ஒரே காலத்தில் பெற்றால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே காலத்தில் பெற்றால், மாமியார் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது, மருமகள் பிள்ளையின் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மனிதர்களில் ரத்த சொந்தம் இருக்கும் இடத்தில் பிரச்சினை இல்லை, இல்லாத இடத்தில்தான்.

கேள்விக்குறி

ஒரு நாட்டின் பதிவேடு. இருந்தாலும் இது வலுவான கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆழிமகன்

எனக்கு உறுத்துவது வேறு. கொன்றவன் அறுத்துப் பார்த்ததில் கிடைத்த அறிவை நாம் ஆகா ஓகோ என்று பேசுகிறோம். ‘ஆராய்ச்சிக்காக’ என்று சொல்லித்தானே 1987-இலிருந்து ஜப்பான் அண்டார்ட்டிகாவில் சுட்டுக்கொண்டிருந்தது? அந்தக் கறி கடையில் விற்றது. இந்த மெனோபாஸ் கதையைச் சொல்லியே நாளைக்கும் ஒருவன் ‘பார், வேட்டையால் அறிவியல் வளர்ந்தது’ என்பான்.

செந்தூரான்

ஆழிமகன், வேட்டையும் அறிவியலும் ஒட்டிப் பிறந்தவை என்பதை மறைக்க முடியாது. தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விகன் வேட்டை நிலையத்தை 1904-இல் நார்வேக்காரர் லார்சன் தொடங்கினார். பக்கத்திலேயே 1925-இல் பிரிட்டன் ஒரு ஆய்வுக்கூடம் வைத்தது. ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து? திமிங்கில எண்ணெய் மீது போட்ட வரியிலிருந்து. மேக்கின்டோஷ், வீலர் என்ற இருவர் கொழுப்பு உரிக்கும் மேடையில் ரத்தத்தில் நின்றுகொண்டு நீலத் திமிங்கிலத்தின் சினைப்பைகளை அறுத்துத் தழும்பு எண்ணினார்கள். கசுயாவின் முறைக்கு மூத்தது அதுதான்.

அந்த எண்ணிக்கை திமிங்கிலத்தைக் காப்பாற்றியதா? இல்லை. குட்டி போடும் வேகம் இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்ட்டிகாவில் 29,000-க்கு மேல் நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். அப்புறம் வந்த ஒதுக்கீடு எப்படி என்றால், ‘நீலத் திமிங்கில அலகு’. ஒரு நீலம், இரண்டு ஃபின், இரண்டரை ஹம்ப்பேக், ஆறு ‘சேய்’ (Sei) வகைத் திமிங்கிலம், எல்லாம் சமம். எண்ணெய்க் கணக்கு. எது தாய், எது குட்டி, எது கூட்டத்தின் மூத்தவள் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் இல்லை.

பேரேடும் பொய். சோவியத் கப்பல்கள் தென்கடலில் கொன்றதாகக் காட்டிய ஹம்ப்பேக் 2,710. உண்மையில் நாற்பதாயிரத்துக்கும் மேல். ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யாப்லகோவ் 1993-இல் வெளியே சொல்லும்வரை உலகம் இந்தப் பொய் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட்டது. ஜப்பான் கரையோர ஸ்பெர்ம் திமிங்கில வேட்டையிலும் எண்ணிக்கை பொய் என்று 1999-இல் எழுதியது யார் தெரியுமா? இதே கசுயா. வேட்டை உடல்களில் தொழில் நடத்தியவர், தன் நாட்டு வேட்டைக் கணக்கையே போட்டு உடைத்தார். அதனால்தான் அவரை வேட்டையின் ஆள் என்று ஒரே பக்கத்தில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பனிக்கரை

செத்த உடல் ‘நின்றுபோகிறது’ என்று மட்டும்தான் சொன்னது. ஏன் என்று சொன்னது உயிரோடு இருக்கும் ஆர்க்காக்கள். கொன்றிருந்தால் பாட்டி செத்த பிறகு பேரன் என்ன ஆனான் என்று எப்படித் தெரியும்? அவனும்தான் செத்திருப்பான்.

இப்போது சினை பார்ப்பதற்கும் கத்தி வேண்டாம். டக்கர் என்று ஒரு கறுப்பு லாப்ரடார் நாய் இங்கே இருந்தது. படகின் முன்னணியத்தில் நின்று மோப்பம் பிடித்து, கடலில் மிதக்கும் ஆர்க்கா எச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் இறங்க மட்டும் அதற்குப் பிடிக்காது. அந்த எச்சத்தில் புரொஜெஸ்டிரான், தைராய்டு, மன அழுத்த ஹார்மோன் எல்லாம் அளந்து சாமுவேல் வாசர் குழு 2017-இல் சொன்னது: 2008-க்கும் 2014-க்கும் இடையில் தெரியவந்த சினைகளில் 69% வரை நிலைக்கவில்லை. பெரிய காரணம் சினூக் சால்மன் இல்லாத பட்டினி.

நிலா_ஆய்வகம்

கர்ப்பம் தங்கியிருக்கிறதா என்று எங்கள் ஆய்வகத்தில் பார்க்கும் அதே புரொஜெஸ்டிரான்தான் அது.

மங்கை அக்கா கேட்ட ‘என்ன லாபம்’ என்பதற்கு மனுஷர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நின்றதும் மூளை விடாமல் ‘முட்டை வளர்’ என்று எஃப்எஸ்எச் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும், கேட்கத்தான் சினைப்பையில் ஆள் இல்லை. மிஞ்சியது சிறுநீரில் இறங்கிவிடும். அதைப் பிரித்தெடுக்க முடியும் என்று 1940-களின் கடைசியில் இத்தாலியில் பியரோ டோனினி காட்டினார். நிறையச் சிறுநீர் வேண்டும், அதுவும் மெனோபாஸ் ஆனவர்களுடையது, கர்ப்பம் கலந்துவிடக் கூடாது. முதிய கன்னியாஸ்திரீகளின் மடங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாகச் சேகரித்தார்கள்! அந்த மருந்தில் முதல் குழந்தை 1962-இல் இஸ்ரேலில் பிறந்தது, சிகிச்சை தந்தவர் புரூனோ லூனன்ஃபெல்ட். பிள்ளையில்லாமல் தவித்த எத்தனையோ பேருக்குப் பிள்ளை தந்தது மாதவிடாய் நின்ற பாட்டிகள்தான்.

மங்கை

கன்னியாஸ்திரீகளா! இதை எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் சொல்லாமல் விடுவதில்லை.

கேள்விக்குறி

கடைசியாக ஒன்று. 1982-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வேட்டைக்குத் தடை போட்டதே, அந்தப் பைலட் திமிங்கிலங்களுக்கும் அது பொருந்தும்தானே?

செந்தூரான்

பொருந்தாது. ஓட்டெடுப்பு 1982-இல், அமல் 1985-86 பருவத்திலிருந்து, ஆனால் பெரிய திமிங்கிலங்களுக்கு மட்டும். பைலட், பெலுகா, நார்வால் போன்ற சிறியவற்றை அந்தந்த நாடு தன் இஷ்டப்படி பார்த்துக்கொள்கிறது. ஜப்பானோ 2019-இல் ஆணையத்தை விட்டே வெளியேறிவிட்டது. தைஜியில் வளைத்து ஓட்டிக் கொல்லும் வேட்டை இன்னும் நடக்கிறது, குட்டைத்துடுப்பு பைலட்டுக்கு வருடாந்திர ஒதுக்கீடும் உண்டு. ஒதுக்கீடு தலை எண்ணிக்கையில்தான். ஐம்பது வயதுப் பெண்ணும் ஒரு தலை, மூன்று வயதுக் குட்டியும் ஒரு தலை.

ஆழிமகன்

கூட்டமாக வளைத்தால் பாட்டியும் சேர்ந்துதானே போகும். தப்பிய மிச்சத்துக்கு மீன் எங்கே கிடைக்கும் என்று யார் காட்டுவது? ஒதுக்கீடு போடுகிறவர்கள் இந்த ஆர்க்காக் கணக்கைப் படித்துவிட்டுப் போட வேண்டும்.